பைலட் சோலினாய்டு வால்வால் ஏர் சிலிண்டரை இயக்குவது: பொருத்துவதிலிருந்து பழுது பார்ப்பது வரை

பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொலிடெக்னிக்கில் வால்வின் சின்னத்தை வரையக் கற்றிருப்பீர்கள். லைன் நின்றுபோய், சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்கும்போது எதை முதலில் தொடுவது என்பது வேறு பாடம்.

ஆலைகளில் அதிகம் காணும் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: இரண்டு பக்கமும் காற்றால் ஓடும் சிலிண்டர், 5/2 வால்வு (ஐந்து போர்ட், இரண்டு நிலை), உள் பைலட் (ஸ்பூலைத் தள்ளும் காற்றை வால்வு தன் போர்ட் 1-இலிருந்தே எடுப்பது), 24 வோல்ட் டிசி காயில். வேலையின் வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து கை, அதன்பின் கரண்ட், கடைசியில் புரோகிராம். வரிசை மாறினால் நல்ல காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே பழுதோடு நிற்க நேரும்.

1. வால்வுக்குள் எது எதைத் தள்ளுகிறது

வால்வுக்குள் இங்கும் அங்கும் நகர்ந்து காற்றின் வழியை மாற்றும் தண்டுதான் ஸ்பூல். ஸ்பூலைத் தள்ளுவது காயில் இல்லை, காற்று.

காயிலுக்குக் கரண்ட் போனதும் அதற்குள் இருக்கும் சிறிய இரும்புத் துண்டு, அதாவது பிளஞ்சர், துளியளவு நகர்ந்து ஒரு ஊசித்துளையைத் திறக்கிறது. வால்வின் போர்ட்களில் 1 காற்று வரும் வழி, 2, 4 சிலிண்டருக்கு, 3, 5 எக்ஸாஸ்ட். போர்ட் 1-இல் காத்திருக்கும் காற்றில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக ஸ்பூலின் முனையில் உள்ள பிஸ்டனுக்குப் போகிறது. அந்தக் காற்றுதான் ஸ்பூலை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளுகிறது. இப்போது 1-இன் காற்று 4-க்குப் போகும். 2-இன் காற்று 3 வழியாக வெளியேறும்.

கரண்ட் நின்றதும் பிளஞ்சர் துளையை மூடிவிடும். பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்த காற்று பைலட் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும். ஸ்பிரிங் ஸ்பூலைத் திருப்பி அனுப்பும். 1-இன் காற்று இப்போது 2-க்குப் போகும். 4-இன் காற்று 5 வழியாக வெளியேறும்.

50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் 5 பார் அழுத்தத்தில் வெளியே தள்ளும்போது ஏறக்குறைய 980 நியூட்டன் விசை தரும். 100 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். அந்த விசைக்கான காற்றைத் திருப்பிவிட, வால்வில் இருக்கும் காயிலுக்கு ஓரிரண்டு வாட் போதும். சிறிய வால்வுகளில் அரை வாட்டுக்கும் குறைவு. ஸ்பூலை நேரடியாகக் காந்தத்தால் இழுக்க வேண்டியிருந்தால் இதைவிடப் பல மடங்கு பெரிய காயில் வேண்டியிருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. காற்றழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பிளஞ்சர் ஒழுங்காக நகரும், ஆனால் ஸ்பூல் நகராது. 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்கும். இன்னொன்று: பைலட் காற்று வெளியேறும் சிறு ஓட்டையை யாராவது பெயின்டாலோ டேப்பாலோ அடைத்துவிட்டால், கரண்ட்டை நிறுத்திய பின்னும் ஸ்பூல் திரும்பாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வால்வின் மேல் ஒட்டிய லேபிளைத்தான் முதலில் படிக்க வேண்டும். பார்ப்பது மூன்று விவரம்: காயில் வோல்டேஜ், அழுத்த எல்லை, பைலட் உள்ளா வெளியா. அழுத்தம் 0.15 முதல் 0.7 மெகாபாஸ்கல் என்று இருந்தால் அது 1.5 முதல் 7 பார். பலர் மேல் எல்லையை மட்டும் பார்த்துவிட்டுக் கீழ் எல்லையை விட்டுவிடுகிறார்கள். பைலட் வால்வில் கீழ் எல்லைதான் முக்கியம்.

வோல்டேஜைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பழைய இயந்திரங்களில் 240 வோல்ட் ஏசி காயில்கள் இன்னும் ஓடுகின்றன. 24 வோல்ட் காயிலுக்கும் 240 வோல்ட் காயிலுக்கும் அதே சதுர டிஐஎன் (DIN) வகைப் பிளக் சரியாகப் பொருந்தும். பிளக் பொருந்துகிறது என்பதை நம்பிச் செருகினால் காயில் புகைந்துவிடும்.

மற்றவை: மல்டிமீட்டர், 10 பார் வரை காட்டும் அழுத்த மானியும் அதை டியூப்பில் இணைக்க ஒரு டி-ஃபிட்டிங்கும், டியூப் வெட்டும் கத்தி, நுனி மெலிந்த ஸ்க்ரூடிரைவர், சோப்பு நீர், பாதுகாப்புக் கண்ணாடி, காற்று வால்வில் மாட்டப் பூட்டு. டியூப்பை வயர் கட்டரால் வெட்டாதீர்கள். முனை நசுங்கி முட்டை வடிவம் ஆகிவிடும். புஷ் ஃபிட்டிங்கின் ஓ-ரிங் அதில் முழுசாக உட்காராது.

3. எந்த வால்வு என்பதை எப்படி முடிவு செய்வது

ஒரே கேள்வி: ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் சிலிண்டர் என்ன செய்ய வேண்டும்?

தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஒரு காயிலும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு. கடைசியாகச் சொன்ன நிலையிலேயே இருக்க வேண்டும் என்றால் இரண்டு காயில் வால்வு. பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிரிப்பருக்கு ஒரு காயில் வால்வைப் போட்டு, கரண்ட் போனதும் அது திறந்துகொள்ளும்படி இணைத்திருந்தால், பிடித்த பொருள் கீழே விழும்.

இரண்டு காயில் வால்வுக்குத் தொடர்ந்து கரண்ட் தேவையில்லை, 0.1 விநாடிக்குக் குறையாத ஒரு துடிப்பு கொடுத்தால் ஸ்பூல் மாறி அங்கேயே நிற்கும். இரண்டு காயிலுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுக்கக்கூடாது. புரோகிராமில் ஒன்று ஆனாக இருக்கும்போது மற்றது ஆன் ஆகாதபடி தடை வைக்க வேண்டும். புதிய இரண்டு காயில் வால்வைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஸ்பூல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. வழியில் ஏற்பட்ட அதிர்வில் நகர்ந்திருக்கலாம். முதன்முறை காற்றைத் திறக்கும்போது ராடு (சிலிண்டரிலிருந்து வெளியே போய் உள்ளே வரும் தண்டு) எந்தப் பக்கமும் போகலாம் என்று நினைத்தே நில்லுங்கள்.

நடுவில் நிறுத்த வேண்டும் என்று சிலர் 5/3 வால்வு (ஐந்து போர்ட், மூன்று நிலை) கேட்பார்கள். நடுநிலை மூடிய வகையில் சிலிண்டர் நிற்கும், ஆனால் ஸ்பூல் ஓரத்தில் மெல்லக் கசிவு இருக்கும். செங்குத்தாகத் தொங்கும் சுமை சிறிது நேரத்தில் இறங்கத் தொடங்கும். தொங்கும் சுமைக்கு சிலிண்டரிலேயே பைலட் செக் வால்வு (பைலட் காற்று வந்தால் மட்டும் சிலிண்டரிலிருந்து காற்றை வெளியே விடுவது) மாட்டுங்கள். அப்போது 5/3-இல் நடுநிலை எக்ஸாஸ்ட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செக் வால்வு மூட வேண்டுமானால் அதன் பைலட் டியூப்பில் உள்ள காற்று வெளியே போக வழி வேண்டும். மூடிய வகை அந்த வழியை அடைத்துவிடும்.

4. காற்றைப் பூட்டி, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றுங்கள்

இயந்திரத்தின் காற்று வால்வை மூடிப் பூட்டுப் போடுங்கள். மூடும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் வகை வால்வாக இருக்க வேண்டும். சாதாரண பால் வால்வை மூடினால் அதற்கு அப்பால் உள்ள டியூப்பில் 5 பார் காற்று அப்படியே இருக்கும்.

மானி பூஜ்யம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். செக் வால்வு, நடுநிலை மூடிய 5/3 இரண்டும் சிலிண்டருக்குள் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். டியூப்பைப் பிடுங்கிய கணத்தில் ராடு பாயும். செங்குத்தான சிலிண்டராக இருந்தால் காற்றை விடும் முன்பே சுமைக்கு அடியில் முட்டுக் கொடுங்கள்.

கம்ப்ரசர் அறையில் நிற்கும் காற்றுத் தொட்டி உங்கள் வேலையில் சேராது. அது ஜேகேகேபி (மலேசியாவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சான்றிதழின் கீழ் வரும் அழுத்தக் கலன். அதன் பாதுகாப்பு வால்வையோ குழாயையோ தொட உரியவர்களுக்கு மட்டுமே அனுமதி.

5. காற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்த ஊரில் இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 24 கிராம் இருக்கிறது. கம்ப்ரசர் அதை 7 பாருக்கு அழுத்தும்போது பருமன் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. திரும்ப 30 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அந்தச் சிறிய இடத்தில் 4 கிராமுக்கு மேல் ஆவியாக நிற்க முடியாது. மிச்சம் 20 கிராம் தண்ணீராக இறங்கியாக வேண்டும். உறிஞ்சும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் இந்தக் கதைதான்.

குளிர்விப்பு டிரையர் ஒழுங்காக ஓடினால் இந்தத் தண்ணீர் அங்கேயே பிரிந்துவிடும். டிரையர் பழுதாகி, யாரும் கவனிக்காமல் இரவு ஷிஃப்ட் ஓடினால், சூடான ஈரக்காற்று ஏர்கான் போட்ட உற்பத்தித் தளத்துக்குள் வந்து அங்கே குளிர்கிறது. வெளியே 32 டிகிரி, உள்ளே 22 டிகிரி. ஆக, தண்ணீர் இறங்கும் இடம் உங்கள் வால்வு மேனிஃபோல்டுதான், அதாவது பல வால்வுகளை வரிசையாக மாட்டிய கட்டை.

அதனால் வால்வை மாட்டும் முன் ஃபில்டர் கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீர் நின்றால் வடித்துவிட்டு, ஆட்டோ டிரெய்ன் ஏன் வேலை செய்யவில்லை என்று பாருங்கள். பிறகு வால்வுக்கு வரும் டியூப்பைக் கழற்றி, முனையைக் கையில் இறுகப் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே சில விநாடி காற்றை மெதுவாகத் திறந்து ஊதவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துணியில் ஈரம் பட்டால் டிரையரைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பு பட்டால் கம்ப்ரசர் எண்ணெய் தாண்டி வருகிறது; அது சீல்களை ஊதவைத்துவிடும், ஸ்பூல் இறுகிக்கொள்ளும்.

லூப்ரிகேட்டர் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது வரும் வால்வுகளில் பெரும்பாலானவை ஆலையிலேயே கிரீஸ் போட்டு வருகின்றன, எண்ணெய் தேவையில்லை. ஏற்கெனவே எண்ணெய் போய்க்கொண்டிருக்கும் லைனில் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எண்ணெய், ஆலையில் போட்ட கிரீஸைக் கழுவிவிட்டிருக்கும். நிறுத்தினால் ஸ்பூல் காய்ந்து ஓடும்.

6. டியூப் இணைப்பு

எண்களைப் பார்த்து இணையுங்கள். 1 காற்று வரும் வழி. 2, 4 சிலிண்டருக்கு. 3, 5 எக்ஸாஸ்ட். ஜப்பானிய வால்வுகளில் எண்ணோடு எழுத்தும் இருக்கும்: P என்பது 1, A என்பது 4, B என்பது 2. P, B இரண்டும் காதுக்கு ஒரேமாதிரி ஒலிப்பதால், சக ஊழியரிடம் கத்திச் சொல்லும்போது எண்ணையே சொல்லுங்கள்.

காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது 1-இன் காற்று 2-க்குப் போகும். ஆகவே ஓய்வில் ராடு உள்ளே இருக்க வேண்டுமென்றால் 2-ஐ சிலிண்டரின் ராடு பக்கப் போர்ட்டோடு இணையுங்கள். இங்கே மாற்றி இணைத்துவிட்டு, அதைச் சரிக்கட்ட புரோகிராமில் ஆன், ஆஃப் இரண்டையும் தலைகீழாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது எல்லாம் சரியாகத் தெரியும். அவசர நிறுத்தத்தை அழுத்தும் நாளில் ராடு வெளியே பாயும்.

டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் ஓரிரு புரிகளை விட்டுச் சுற்றுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் டேப் அறுந்து உள்ளே போனால் அதன் இழை பைலட் ஊசித்துளையில் போய் உட்காரும். ஓ-ரிங் அல்லது சீலண்ட் பூசி வரும் ஃபிட்டிங்குக்கு டேப்பே வேண்டாம். சிறிய எம்5 புரிகளைக் கையால் இறுக்கி, அதன்பின் கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் அலுமினியப் புரி வழன்றுவிடும்.

3, 5 இரண்டுக்கும் சைலன்சர் மாட்டுங்கள். இவற்றைப் பிளக் போட்டு அடைக்கக்கூடாது. வெளியேற வழியில்லாத காற்று பிஸ்டனை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டு நிற்கும்.

7. அழுத்தத்தை எங்கே, எப்போது அளப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ரெகுலேட்டர் மானி 5 பார் காட்டும். சிலிண்டர் நிற்கும்போது வால்விலும் 5 பார்தான். ஓடும்போது என்ன? 50 மி.மீ. விட்டம், 200 மி.மீ. ஓட்டமுள்ள சிலிண்டர் 5 பாரில் ஒருமுறை வெளியே போக, வெளிக்காற்றின் அளவில் ஏறக்குறைய 2.4 லிட்டர் தேவை. அது 0.3 விநாடியில் போகிறது என்றால் அந்தக் கணத்தில் ஓட்டம் நிமிடத்துக்கு 470 லிட்டர் அளவில் இருக்கும். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் சின்ன எண்தான் வரும். டியூப் தாங்க வேண்டியதோ அந்தக் கண நேர ஓட்டத்தை. இப்படி மூன்று நான்கு சிலிண்டர் ஒன்றாகப் பாயும் மேனிஃபோல்டுக்கு நீளமான ஒரே 6 மி.மீ. டியூப்பில் காற்று வந்தால் பற்றாது.

டி-ஃபிட்டிங்கோடு மானியை வால்வின் போர்ட் 1-க்குப் பக்கத்திலேயே மாட்டி, இயந்திரம் ஓடும்போது ஊசியைப் பாருங்கள். 5-இலிருந்து 4-க்கு இறங்கித் திரும்பினால் பரவாயில்லை. 1.5-க்குக் கீழே சாய்ந்து எழுந்தால், லேபிளில் போட்ட கீழ் எல்லையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். அந்தக் கணத்தில் மாற வேண்டிய வேறொரு வால்வின் ஸ்பூல் பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற ஸ்பூல் 1-இன் காற்றை நேரே எக்ஸாஸ்டுக்கும் விடும். அதனால் அழுத்தம் இன்னும் இறங்கும், ஸ்பூல் இன்னும் அசையாது. சைலன்சரில் 'ஸ்ஸ்ஸ்' என்று நிற்காத இரைச்சல் கேட்கும். பெரிய டியூப் போடுவதுதான் மருந்து. மேனிஃபோல்டுக்கு இரண்டு பக்கமும் காற்று கொடுப்பதும் உதவும்.

இதே பழுது வேறு வேடத்திலும் வரும். பொட்டல ஆலை ஒன்றில் அட்டைப்பெட்டி நசுங்குகிறது என்று ஒரு பையன் ரெகுலேட்டரை 1 பாருக்கு இறக்கினான். நசுங்கல் நின்றது; சிலிண்டரும் நின்றது. "அண்ணே, காயில் போயிருச்சு, புதுசு போடவா?" என்று வந்து நின்றான். காயிலில் ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் வால்வுக்கு முன்னால் இருந்தது. அதை இறக்கியதில் சிலிண்டரின் விசையோடு பைலட் அழுத்தமும் சேர்ந்து இறங்கிவிட்டது.

விசையைக் குறைக்க வேண்டுமானால் ரெகுலேட்டரை வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போடுங்கள். திரும்பும் காற்று தடையில்லாமல் வர, செக் வால்வு சேர்ந்த ரெகுலேட்டராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிப் பைலட் வால்வு வாங்குங்கள். அதில் பைலட்டுக்குத் தனிப் போர்ட் இருக்கும்; அங்கே 4 அல்லது 5 பார் கொடுத்துவிட்டு, போர்ட் 1-இல் எவ்வளவு குறைவாகவும் ஓட்டலாம். வாக்குவம் லைனில் பைலட் வால்வு போடுவதானாலும் வெளிப் பைலட்தான் வேண்டும். வாக்குவத்தால் ஸ்பூலைத் தள்ள முடியாது.

8. கரண்ட் இல்லாமல் கையால் ஓட்டிப் பாருங்கள்

காயில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிலிண்டரின் இரண்டு பக்க வேகத் திருகுகளையும் முழுக்க மூடி, பிறகு ஒரு சுற்று மட்டும் திறங்கள். யாருடைய கையும் ராடு போகும் வழியில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு காற்றை மெதுவாகத் திறங்கள்.

மெதுவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேகத் திருகு, வெளியேறும் காற்றை நெருக்கித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. காற்றை முழுக்க வெளியேற்றிய சிலிண்டரில் நெருக்குவதற்கு எதுவும் இல்லை. முதல் ஓட்டத்தில் ராடு கட்டுப்பாடே இல்லாமல் பாயும். சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு உள்ள இயந்திரம் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இல்லாத இயந்திரத்தில் உங்கள் கைதான் சாஃப்ட் ஸ்டார்ட்.

பிறகு வால்வின் மேனுவல் பட்டனை அழுத்துங்கள். 'புஸ்' என்று எக்ஸாஸ்ட் சத்தத்தோடு சிலிண்டர் நகர வேண்டும். இந்தப் பட்டன் ஸ்பூலை நேரடியாகத் தள்ளுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பைலட் வால்வுகளில் அது பிளஞ்சர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது: பைலட் துளையைத் திறக்கிறது. அதாவது காற்றழுத்தம் குறைவாக இருந்தால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பூல் அசையாது. பட்டனுக்கும் அசையாத வால்வைப் பார்த்து 'ஸ்பூல் ஜாம்' என்று முடிவு கட்டும் முன் மானியைப் பாருங்கள்.

சில பட்டன்களை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சோதனை முடிந்ததும் கட்டாயம் திருப்பி விடுங்கள். பூட்டிய பட்டன் ஒரு காயில் வால்வில் இருந்தால் புரோகிராம் எத்தனை முறை ஆஃப் சொன்னாலும் சிலிண்டர் திரும்பாது. இரண்டு காயில் வால்வில் ஒரு பக்கம் பூட்டியிருந்தால் எதிர்க் காயில் தோற்றுவிடும்.

9. கரண்ட் கொடுப்பது

கையால் சரியாக ஓடிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். பிஎல்சியில் (புரோகிராமை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி) அந்த அவுட்புட்டை ஆன் செய்து, அது ஆனாக இருக்கும்போதே காயில் முனையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். பொதுவாக 10 சதவீதம் ஏற்ற இறக்கம் தாங்கும், அதாவது 21.6 முதல் 26.4 வோல்ட் வரை. பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் 24 காட்டும். சுமை ஏறியதும் துருப்பிடித்த டெர்மினலில் 17-க்கு விழலாம்.

துருவம் கவனம். பாதுகாப்பு டயோடு உள்ள காயிலில் கூட்டலும் கழித்தலும் மாறினால், வகையைப் பொறுத்து ஒன்று காயில் வேலை செய்யாது, அல்லது டயோடு வழியே ஷார்ட் ஆகி பிஎல்சி அவுட்புட் போய்விடும். பினாங்கில் ஜப்பானிய இயந்திரமும் ஐரோப்பிய இயந்திரமும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து நிற்கும். முன்னதில் கழித்தலை ஸ்விட்ச் செய்யும் அவுட்புட்டும், பின்னதில் கூட்டலை ஸ்விட்ச் செய்யும் அவுட்புட்டும் அதிகம். பக்கத்து இயந்திரத்திலிருந்து மேனிஃபோல்டைக் கழற்றி வந்து மாட்டும் முன் பொதுக் கம்பி கூட்டலா கழித்தலா என்று வயரிங் படத்தைப் பாருங்கள்.

காயில் நல்லதா என்று அறிய எளிய வழி: கரண்ட் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காயிலின் நட்டுக்கு அருகில் கொண்டுபோனால் இழுப்பது கையில் தெரியும். மிகச் சிறிய காயில்களில் இழுப்பு உணரும்படி இருக்காது, அங்கே மல்டிமீட்டர்தான். 24 வோல்ட், 3 வாட் காயிலின் ஓம் 192 அளவில் வர வேண்டும். எல்இடி, பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள காயிலில் இந்த எண் மாறும், எனவே பக்கத்தில் உள்ள அதே மாடல் நல்ல வால்வோடு ஒப்பிடுங்கள்.

ஏசி காயிலைத் தண்டிலிருந்து கழற்றி வெளியே வைத்தபடி கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இரும்பு இல்லாதபோது கரண்ட் பல மடங்கு ஏறி, சிறிது நேரத்தில் எரிந்துவிடும். ஏசி காயில் அடிக்கடி எரிகிறது என்றால் பிளஞ்சர் அழுக்கில் சிக்கி முழுக்க உட்காராமல் இருக்கலாம்; அப்போதும் கரண்ட் இதேபோல் ஏறும்.

அவுட்புட் ஆஃப் ஆன பின்னும் எல்இடி மங்கலாக எரிந்து வால்வு திரும்பவில்லையா? ஏசி சாலிட் ஸ்டேட் அவுட்புட்கள் ஆஃபிலும் சில மில்லிஆம்பியர் கசியவிடும். குறைந்த வாட் காயிலைப் பிடித்து வைக்க அது போதும். காயிலுக்கு இணையாகப் பொருத்தமான ரெசிஸ்டர் போட வேண்டும்.

10. வேகம்

வேகத் திருகுகளைச் சிலிண்டர் போர்ட்டில், வெளியேறும் காற்றை நெருக்கும் வகையாகவே போடுங்கள். உள்ளே வரும் காற்றை நெருக்கினால் ராடு ஒட்டி ஒட்டி நகரும், சுமை இழுத்தால் தானே ஓடும். திருகைக் கால் கால் சுற்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் சில ஓட்டம் விட்டுப் பாருங்கள். முடிந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். அதிர்வில் திருகு தானே நகர்ந்துவிடும்.

11. ஓடவில்லை என்றால்

காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். இரண்டு சத்தம் வர வேண்டும்: முதலில் பிளஞ்சரின் 'டிக்', உடனே எக்ஸாஸ்டின் 'புஸ்'.

எல்இடியே எரியவில்லை என்றால் வால்வை விட்டுவிட்டு வயர், பிஎல்சி பக்கம் போங்கள். எல்இடி எரிகிறது, 'டிக்' இல்லை என்றால் காயில் அறுந்திருக்கும் அல்லது பிளஞ்சர் சிக்கியிருக்கும். எல்இடி காயிலுக்கு இணையாக இருக்கிறது. காயில் அறுந்தாலும் அது எரியும். 'டிக்' வருகிறது, 'புஸ்' இல்லை என்றால் ஓடும்போது உள்ள அழுத்தம், பைலட் துளை, ஸ்பூல் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டு சத்தமும் வந்து சிலிண்டர் மட்டும் நகரவில்லை என்றால் மடங்கிய டியூப், முழுக்க மூடிய வேகத் திருகு, சிக்கிய சுமை.

திங்கட்கிழமை காலை முதல் ஓட்டம் மட்டும் தாமதமாகி, பிறகு சரியாக ஓடினால், நின்ற நாளில் சீல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் போய்விட்டது என்பதற்கான அறிகுறி. தண்ணீர் அல்லது எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

திரும்புவது மட்டும் மந்தமாக இருந்தால் சைலன்சரைக் கழற்றி ஒருமுறை ஓட்டுங்கள். வேகம் வந்துவிட்டால் சைலன்சர் அடைத்திருக்கிறது. சில மேனிஃபோல்டுகளில் பைலட் எக்ஸாஸ்டும் அதே வழியாகத்தான் போகிறது, அதனால் ஒரு சைலன்சர் அடைத்தால் வரிசையில் உள்ள எல்லா வால்வுகளும் மந்தமாகும்.

எக்ஸாஸ்டில் நிற்காமல் காற்று கசிந்தால், வால்வைக் கழற்றும் முன் குற்றவாளி சிலிண்டரா வால்வா என்று பிரித்தறிய வேண்டும். ராடு முழுக்க உள்ளே வந்து நிற்கட்டும். இப்போது காற்று 2-இல் இருக்கிறது, 4 காலியாக இருக்கிறது. காற்றைப் பூட்டி, உள்ளிருப்பதையும் விட்டுவிட்டு, 4-இன் டியூப்பை வால்விலிருந்து கழற்றி, அந்த முனையைக் கண்ணுக்கு எதிரே வராமல் கட்டி வையுங்கள். காயிலுக்குக் கரண்ட் வராமல் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். திரும்பக் காற்றை மெதுவாகத் திறங்கள். கழற்றிய டியூப்பின் முனையில் சோப்பு நீர் தடவினால் குமிழி வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது. ராடு பக்கத்துக் காற்று பிஸ்டனைத் தாண்டி வருகிறது. டியூப்பில் ஒன்றும் வராமல் வால்வின் 4-இலோ எக்ஸாஸ்டிலோ காற்று தொடர்ந்தால் ஸ்பூல் சீல் போயிருக்கிறது, அல்லது ஸ்பூல் பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்பதாக இருந்தால், 4-இன் டியூப்பைத் திரும்ப மாட்டி, மேனுவல் பட்டனைச் சில முறை அழுத்தி விட்டதும் கசிவு நிற்கும். நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றிவிட்டு, 4-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.